ஏழாம் திருத்தம்

முதலில் 'வகுப்பு' என்று எழுதியிருந்தேன்.
பள்ளிக்கூடம் மணத்தது.
'குலம்' என்று மாற்றி
அன்றிரவே அடித்தேன்,
விளையாட்டில்கூட அது வேண்டாம்.
இப்போது 'துறை'.
வாள்துறை, மந்திரத்துறை, மருந்துத்துறை.
ஏறவும் இறங்கவும் படிகள் உள்ள சொல்.

வெள்ளி இரவு. ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை.
ஹைருலின் வீரன்
எட்டுப் படி வாளில் ஏறி
இரண்டே படி மந்திரத்தில் கால் நனைத்தான்.
நனைத்ததற்கே
ஒளிக்கவசம், ஒரு சுற்றுக்கு இரண்டு செயல்,
விழுந்தால் தானே எழும் வரம்.
விதியில் ஓட்டை இல்லை.
ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரி.
சேர்த்துப் படித்தவன் அவன்.

பவதாரிணி நேர்மாறு:
மூன்று படி திருட்டு, மூன்று படி பாட்டு,
நான்கு படி அமிலமும் புகையும்.
பல மரம் கண்டவன் ஒரு மரமும் வெட்டான் என்று
தன் தாளின் மூலையில் தானே எழுதிப்
பக்கத்தில் ஒரு கோடரியும் வரைந்திருக்கிறாள்.
முனை மழுங்கிய கோடரி.

வெய் ஷான் பத்துப் படியும் மருந்து.
மூன்று வாரமாக அவள் பகடை
கோப்பிப் பை விட்ட ஈர வட்டத்திலேயே உருள்கிறது.
"அவங்கவங்க காயத்தை அவங்கவங்களே கட்டிக்கிட்டா
நான் எதுக்கு புக்கிட் பாத்தோக்லேருந்து வரணும்?"
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பகலில் எனக்கு பாசிர் பாஞ்சாங்கில் வேலை,
எந்தப் பெட்டி கப்பலில் எங்கே என்று
திரையில் அடுக்குவது.
கனமானது அடியில்.
முதலில் இறங்குவது கடைசியில் ஏறும்.
அப்படியும் சாய்ந்தால்
எதிர்ப்பக்கத் தொட்டியில் கடல்நீர் ஏற்றுவார்கள்.
யாருக்கும் சொந்தமில்லாத நீர்.
எந்த ரசீதிலும் வராத பாரம்.

என் ஆறு திருத்தங்களும் அந்த நீர்தான்.
இரண்டாம் துறைக்கு அனுபவப் புள்ளியில் பாதி வரி.
இரும்பு அணிந்து மந்திரம் சொன்னால் நாக்குக் குழறும்.
ஐந்தாம் படிக்கு முன் துறை தாண்டக் கூடாது.
ஒவ்வொன்றுக்கும் ஹைருல் ஒரு வாய்க்கால் வெட்டினான்.
ஒவ்வொன்றிலும் முங்கியவள் பவதாரிணி.

இன்று பாதாளக் கதவு.
வாள் இரண்டு முறை மோதியும் அசையவில்லை.
பூட்டில் அமிலம் ஊற்றிக்கொண்டே
கம்பியை நுழைத்துக்கொண்டே
உள்ளே உறங்கும் பூதத்துக்குத்
தாலாட்டும் பாடுவேன் என்றாள் பவதாரிணி.
ஒரே மூச்சில் மூன்றும்.
விதிப்புத்தகத்தில் அதற்கு வரியே இல்லை.
"பதினெட்டுக்கு மேல் விழுந்தால் சரி" என்றேன்.

நான்கு.

பூதம் விழித்தது. அமிலம் அவள் கையில்.
கதவு மட்டும் திறந்துகொண்டது என்று
திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பொய் சொன்னேன்.
பாய்ந்த ஹைருலை நஞ்சு பிடித்தது.
ஒளிக்கவசம் நஞ்சைத் தடுக்காது என்பதை
காலை எம்ஆர்டியில்தான் எழுதியிருந்தேன்;
எழுப்பும் வரம் நஞ்சுக்குச் செல்லாது என்பதை
அப்போதுதான்.

வெய் ஷான் பகடையை எடுத்தாள்.
வைத்துவிடு என்றேன்.
நோட்டைத் திருப்பிப் பென்சிலால் எழுதியதைக் காட்டினேன்:
ஒரே துறையில் பத்துப் படி ஏறியவர்
இரவுக்கு ஒருமுறை
பகடை போடாமலே ஒன்றைச் செய்து முடிக்கலாம்.

"டேய், இது ரொம்ப ஓவர்.
எட்டுப் படி ஏறினவனுக்கு என்ன தர்றே?"
தரையில் கிடக்கிற வீரன் கேட்டான்.
நியாயமான கேள்வி. என்னிடம் கணக்கு இல்லை.

மேலே மூன்றாம் மாடியில் யாரோ
ஜன்னலை ஓங்கிச் சாத்தினார்கள்.
மணி பத்தரை தாண்டியிருந்தது.

"ரெண்டு பேர் கிடக்கிறாங்க" என்றாள் வெய் ஷான்.
"ஒருமுறைதான்?"
"ஒருமுறைதான்."

அவள் அவசரப்படவில்லை.
கோப்பியில் மிச்சமிருந்த ஐஸை
ஒவ்வொன்றாகக் கடித்தாள்.
பவதாரிணி அமிலம் பட்ட கையை
நிஜமாகவே மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.
ஹைருல்
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.